பக்கி

இந்த ஊரில் இதற்குப் பக்கி என்று பெயர்.
முன்னால் இருவர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி.
கல்யாணமாகி டோங்காட் வந்த புதிதில்
அந்தச் சொல்லைக் கேட்டு
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.
காணாததைக் கண்ட பக்கி என்றுதான்
தூத்துக்குடியில் திட்டுவோம், இலைக்கு முன்னால் வைத்து.

பதினெட்டு வருஷம் கழித்து
ஒன்று வந்து என் வாசலில் நிற்கிறது.
நிசான் 1400. என் மகனைவிடப் பதினொரு வயது மூத்தது.
எஞ்சின் உண்டு, கியர்பாக்ஸ் இல்லை.
தரைத்தகட்டைக் கடற்காற்று தின்றுவிட்டது.
உள்ளே உட்கார்ந்தால்
இரண்டு செருப்புக்கும் நடுவே மண் தெரியும்.

ஸ்டாக்வெலில் என் முறை வந்திருந்தது.
வேறொன்றுமில்லை, நம் சீட்டுதான்;
கல்லாவில் நிற்கும் பெண்கள் பதினொரு பேர்.
பதினாலாயிரம் ரேண்ட்.
ஆறாயிரம் ம்சோமி அண்ணனுக்கு, வண்டிக்காக.
மீதி எட்டாயிரத்தில் இது ஓடவேண்டும்.
ஓடாவிட்டால் கோழி அடைக்கலாம் என்றேன்.
கிவேஷன் சிரிக்கவில்லை.

ஸ்பேனர் அவனிடம். நோட்டு என்னிடம்.
பகலெல்லாம் பிறர் வாங்கும் சோப்புக்கும் பாலுக்கும்
விலை சொல்கிறவள்
சனிக்கிழமை கிளட்ச் தட்டுக்கு விலை பேசினேன்.
"அக்கா, இது தங்கம்" என்றான்
உடைசல் கிடங்கு மொகாம்பரி.
தங்கம் துருப்பிடிக்காதே, தம்பி.
இருநூறு குறைத்தான்.

ஜூலையில் ஒரு நாள் வேலை முடிந்து வருகிறேன்,
சுவரோரம் நான்கு அலுமினியச் சக்கரங்கள்.
நோட்டில் அவன் கையெழுத்து:
பிரேக் 2,200.
"சக்கரமே இல்லாமல் எதை நிறுத்துவது?"
நான் தமிழில் கத்தினேன், அவன் இங்கிலீஷில்.
இருவருக்கும் எல்லாம் புரிந்தது.

மூன்று நாள் பேச்சில்லை.
மின்வெட்டு இருட்டில் டார்ச்சுடன் போய்
ஒருமுறை பார்த்தேன்.
அழகாகத்தான் இருந்தன.
அதை இன்றுவரை சொல்லவில்லை.

நாலாம் நாள் இரண்டை விற்றுவிட்டு
பிரேக் கட்டைகளோடு வந்தான்.
ஆகவே எங்கள் வண்டி
முன்னால் மாப்பிள்ளை,
பின்னால் அவனுக்குக் கடன் கொடுத்தவன்.

பெயின்ட் அடித்த ஞாயிறு
காற்று இந்தப் பக்கம் வீசியது.
ஆலைக்கு வெட்டுவதற்காகக்
கரும்புத் தோட்டத்துக்குத் தீ வைத்திருந்தார்கள்.
ஈரம் காயாத சாம்பல் நிறத்தின் மேல்
கறுப்புச் சுருள் சுருளாக வந்து இறங்கியது.
அவன் போட்ட சத்தத்தில்
கொடியில் கிடந்த போர்வையை உருவிக்கொண்டு ஓடி
நான்தான் மூடினேன்.
மூடியிருக்கக் கூடாது.
பானெட்டில் இப்போதும் இருக்கிறது
போர்வையின் நெசவும், ஒரு மூலையில்
அரைப் பூவும்.

தேய்த்து எடுத்து மறுபடி அடிக்க
இன்னொரு டின், முன்னூற்றெண்பது.
நோட்டை விரித்து நீட்டினேன்.
மீதி: அறுபத்திரண்டு.
வெகுநேரம் பார்த்தான்.
பிறகு அந்தப் பூவை விரலால் தொட்டு
"ஒட்டிக்கிச்சு" என்றான்.
அவன் வாயில் அவ்வளவு சுத்தமான தமிழை
அன்றுதான் கேட்டேன்.

உரிமம் எடுக்கும் வயது அவனுக்கு இன்னும் ஆகவில்லை.
என்னிடம் உண்டு; ஆனால்
ஆட்டோமேட்டிக் தவிர எதுவும் ஓட்டியதில்லை.
அறுபதுக்குப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டு
நான் ஸ்டியரிங்கில், அவன் பக்கத்தில்.
"கிளட்ச், மா. கிளட்ச்.
மெதுவா விடு. மெதுவா."
மூன்று தடவை செத்தது. நாலாவதில்
உடம்பெல்லாம் உதறிக்கொண்டு நகர்ந்தது.
அவன் என்னைப் பார்க்கவில்லை, ரோட்டையும் பார்க்கவில்லை;
தலையைச் சாய்த்து
அடியில் ஏதோ ஒரு சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தான்.

முனையில் வலப்பக்கம் திரும்பவேண்டும்.
இண்டிகேட்டருக்குப் பல்பு வாங்கவில்லை.
ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினேன்,
தூறுகிறதா என்று பார்ப்பவளைப்போல.
உள்ளங்கையில்
ஒரு துண்டுச் சாம்பல் வந்து உட்கார்ந்தது.